வேலையை விடுவது வேறு, மெஷின் வாங்குவது வேறு

கோவையில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதங்கள் எழுதப்படும். பம்ப் கம்பெனி, வால்வு கம்பெனி, வண்டி உதிரிபாகக் கம்பெனி என்று எங்கு பார்த்தாலும், பத்துப் பன்னிரண்டு வருஷம் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் சிஎன்சி மெஷினில் நின்று கை பழகியவர்களில் சிலர் அந்தச் சமயத்தில்தான் துணிவார்கள். இனிமேல் சொந்தப் பட்டறை என்று. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டிப் பக்கம் சில சின்னப் பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அதனால் வருஷா வருஷம் என்னிடமும் வந்து கேட்பார்கள்: "ஏனுங்கண்ணா, வேலைய விட்டுரலாமுங்களா?"

கேட்பவர் மனதில் பெரும்பாலும் இரண்டு வழிதான் இருக்கும். ஒன்று, இருக்கிற வேலையில் இருப்பது. இன்னொன்று, வேலையை விட்டு, லோன் போட்டு, மெஷின் இறக்குவது. நான் பார்த்தவரை சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாவது வழிக்குள் இரண்டு தனி முடிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சம்பளத்தை விடுவது ஒரு முடிவு. மெஷினில் பணம் போடுவது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒரே மாதத்தில் எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிரித்துப் பார்த்தால் வழிகள் நான்காகின்றன: வேலையிலேயே இருப்பது, மெஷின் இல்லாமல் கைத்தொழிலை மட்டும் நம்பி வெளியே வருவது, அடுத்தவர் மெஷினை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டுவது, சொந்த மெஷின் போடுவது.

பேச்சுக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38, ஐடிஐ படித்தவர், 12 வருஷ சர்வீஸ். சிஎன்சி டர்னிங்கில் (கடைசல் வேலையில்) செட்டர், அதாவது ஒவ்வொரு புது வேலைக்கும் மெஷினைத் தயார் செய்பவர், புரோகிராமும் எழுதுவார். மொத்தச் சம்பளம் 38,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 22,000. கீழே வரும் கணக்கெல்லாம் இவரை வைத்துத்தான். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

விடப்போவது எவ்வளவு?

ஸ்லிப்பில் இருப்பது 38,000. கம்பெனி தன் பங்காக பிஎஃப்-க்குக் கட்டும் 12 சதவீதம், 22,000-க்கு 2,640 ரூபாய். சில கம்பெனிகள் 15,000 உச்சவரம்போடு நிறுத்தி 1,800 மட்டும் கட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் விலகும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி. மாதத்தை 26 நாளாக வைத்து, ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். இவருக்கு வருஷம் 12,692 ரூபாய், மாதத்துக்கு 1,058. போனஸ் 30,000 என்றால் மாதம் 2,500. கம்பெனி எடுத்துக் கொடுத்திருக்கும் குடும்ப மெடிக்ளெய்மை வெளியே வாங்க வருஷம் 15,000 என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,250. எல்லாம் கூட்டினால் 45,448. கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், சம்பளத்தோடு கிடைக்கும் லீவு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஆக, வெளியே போய் மாதம் 45,500 ரூபாய் கையில் நின்றால்தான் இப்போது நிற்கும் இடத்துக்குச் சமம். 38,000 வந்ததும் சம்பளத்தை எட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. அவர்களுக்கு மாதம் 7,500 குறைகிறது. பிள்ளை காலேஜ் போகும்போதோ, ஆஸ்பத்திரிச் செலவு வரும்போதோதான் அந்தக் குறை தெரியவரும். சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்கள் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் இழக்கிறார்கள். சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனையில் பிரசவமோ ஆபரேஷனோ பார்த்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

இதற்காக, வேலையிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை. செட்டருக்கு மேலே சூப்பர்வைசர். பல கம்பெனிகளில் அந்த இடத்துக்கு டிப்ளமோ கேட்பார்கள். ஐடிஐ படித்தவருக்கு, எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அங்கே கதவு சாத்திவிடும். பிறகு வருஷ இன்கிரிமெண்ட் மட்டும்தான். பிஎஃப்-போடு வரும் பென்ஷனை நம்பவும் முடியாது. 15,000 உச்சவரம்பில் கட்டியவருக்கு, முழு சர்வீஸ் முடித்தாலும் மாதம் அதிகபட்சம் 7,500 ரூபாய்தான். 38 வயதில் இன்னும் இருபது வருஷம் இதே ஷிப்ட், இதே மெஷின் என்று நினைக்கும்போது ஒரு ஆளுக்கு மூச்சு முட்டுவது நியாயமானது. வெளியே போக நினைப்பவரை ஆசைக்காரர் என்று சொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரே அப்படி வெளியே வந்தவர்களால் வளர்ந்ததுதான். 1888-இல் முதல் நூற்பாலை வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பின்னாலேயே மோட்டாரும் பம்பும் வந்தன. மில் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் பெரிய கம்பெனிகளிலும் தொழில் கற்றவர்கள் வெளியே வந்து ஒரு லேத்தைப் போட்டுப் பிழைத்தார்கள். பல பேருக்கு பழைய முதலாளியே முதல் பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கும் வாடிக்கையாளர்.

சொந்த மெஷின்: ஒரு மாதக் கணக்கு

எல்லோரும் ஆசைப்படும் வழியை முதலில் பார்த்துவிடுவோம். புது டர்னிங் சென்டர் வேண்டாம், பழையது ஒன்று 9 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். ஸ்டெபிலைசர், கம்ப்ரசர், டூல் ஹோல்டர், ஜா செட், மைக்ரோமீட்டர், போர் டயல், கேஜ், ஷெட் அட்வான்ஸ், மின் இணைப்பு டெபாசிட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 4 லட்சம். ஆக 13 லட்சம். கையில் இருப்பது 4 லட்சம், வங்கிக் கடன் 9 லட்சம். 11 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 19,570 ரூபாய்.

மெஷின் மணிக்கு 350 ரூபாய் ரேட்டு. தனியாளாக, நாளைக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் நிற்கிறார். 260 மணி நேரம் ஷெட்டில் இருந்தாலும் மெஷின் சில்லு உதிர்ப்பது 190 மணி நேரம்தான். மீதி நேரம் செட்டிங், மெட்டீரியலுக்குக் காத்திருப்பது, பார்ட்டி கம்பெனிக்குப் போய் வருவது, கரண்ட் போவது. வரவு 66,500. செலவில் தவணை 19,570, வாடகை 10,000, மின்சாரம் 9,000, இன்சர்ட்டும் (வெட்டும் முனை) கூலண்டும் (சூடு தணிக்கும் திரவம்) 6,000, வண்டி வாடகை 3,000, கணக்கு வழக்குக்கு 2,000, மெஷின் பழுதுக்கு ஒதுக்குவது 3,500. மொத்தம் 53,070. மிச்சம் 13,430 ரூபாய்.

இதைப் பார்த்ததும் இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு ஆபரேட்டர் போடலாம் என்பார்கள். போடத்தான் வேண்டும். மெஷின் ஓடும் நேரம் 350 மணியாகிறது, வரவு 1,22,500. ஆபரேட்டருக்குப் போனஸோடு சேர்த்து மாதம் 22,000. மின்சாரம் 16,000, இன்சர்ட் 11,000, வண்டி 4,500, பழுது 5,000. வாடகை, தவணை, கணக்குச் செலவு அப்படியே. மொத்தம் 90,070. மிச்சம் 32,430.

சம்பளத்தின் முழு மதிப்பு 45,500. இரண்டு ஷிப்ட் ஓட்டியும் மாதம் 13,000 குறைகிறது. தவணை முடியும் ஆறாவது வருஷத்தில்தான் கையில் 52,000 நிற்கும். அதுவும் ரேட்டு, வாடகை, கூலி எதுவும் மாறாமல் இருந்தால். மெஷின் சொந்தமாகிவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், அது ஒரு சொத்து. ஆனால் பழைய மெஷினை இன்னும் ஐந்து வருஷம் இரண்டு ஷிப்ட் ஓட்டியபின் அதன் விலை என்ன, ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை இல்லாத மாதமும் உண்டு. பம்பு ஆர்டர் ஜனவரி முதல் கோடை வரை குவியும், மழை பிடித்துவிட்டால் இறங்கும். அப்போது வாடகையும் தவணையும் நிற்காது. மின்சாரத்திலும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலைக் கட்டணம் உண்டு. 2022 செப்டம்பரில் அது உயர்ந்தபோது கோவைச் சிறு தொழில்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடியதற்கு இதுதான் காரணம். யூனிட் கட்டணத்தை மெஷினை நிறுத்திக் குறைக்கலாம். நிலைக் கட்டணத்தை அப்படிக் குறைக்க வழியில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் வரவில்லை. வீட்டம்மாவின் வேலை. பல பட்டறைகளில் பில் போடுவது, சலான் சரிபார்ப்பது, பிசிறு எடுப்பது, எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்குவது, அவசரத்துக்கு ஸ்கூட்டியில் பீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் மனைவிதான். சம்பளம் கிடையாது. அந்த நேரத்தில் அவர் வெளியே 12,000 ரூபாய்க்கு வேலைக்குப் போயிருக்க முடியும் என்றால், பட்டறையின் உண்மையான மிச்சம் 32,430 இல்லை, 20,430. மனைவியோடு உட்கார்ந்து இதைப் பேசாமல் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பது நியாயமில்லை. அவருக்கும் ஒரு சம்பளம் எழுதிப் பாருங்கள், அப்போது கணக்கு வேறு மாதிரி தெரியும்.

பணம் எப்போது வரும்?

மேலே சொன்ன 1,22,500 பில் போட்ட தொகை. கையில் வந்த தொகை இல்லை. பார்ட்டி தரும் மெட்டீரியலைக் கடைந்து கொடுத்துக் கூலி வாங்கும் ஜாப் ஒர்க்கில், பணம் வர 90 நாள் என்பது இங்கே சாதாரணம். முதல் மூன்று மாதம் செலவு மட்டும் போய்க்கொண்டிருக்கும். 90,070 வீதம் 2,70,210. வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் இன்னொரு 90,000. ஆக 3,60,000 ரூபாய், மெஷினுக்குப் போட்ட 13 லட்சத்துக்கு மேலே, கையில் இருக்க வேண்டும். இதை யாரும் திட்ட மதிப்பீட்டில் எழுதுவதில்லை. எழுதாத இந்தத் தொகைக்குத்தான் பிறகு நகை அடகுக்குப் போகிறது, இல்லாவிட்டால் தண்டல்காரர் வருகிறார்.

ஜிஎஸ்டி-யும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஜாப் ஒர்க் என்பது சேவை, அதனால் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு கட்டாயமில்லை. சரக்கு விற்பவருக்குள்ள 40 லட்சம் வரம்பு இவருக்குப் பொருந்தாது. நம் ஆளுடைய வரவு வருஷம் 14,70,000. சட்டப்படி பதிவு தேவையில்லை. ஆனால் பெரிய பார்ட்டிகள் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வேலை தர யோசிப்பார்கள், அதனால் பலர் பதிவு செய்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு இந்த மாதிரி ஜாப் ஒர்க்குக்கு வரி 18 சதவீதம். 1,22,500-க்கு 22,050. பார்ட்டி பணம் தராவிட்டாலும் அடுத்த மாதம் வரியைக் கட்டியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு 66,150 ரூபாய். இன்சர்ட், வாடகையில் கட்டிய வரியைக் கழித்தாலும் பெரும்பகுதி கைக்காசுதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கு உத்யம் என்னும் அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். பதிவு இலவசம், ஆன்லைனில் நாமே செய்துகொள்ளலாம், யாருக்கும் பணம் தரத் தேவையில்லை. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது: குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தைக் கெடுவுக்குள் தராத பார்ட்டி, அந்தச் செலவைத் தந்த வருஷத்தில்தான் கழித்துக்கொள்ள முடியும். இதனால் மார்ச் மாதம் சில பழைய பாக்கிகள் வசூலாவதை நான் பார்க்கிறேன். ஆனால் ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவர் அந்தப் பார்ட்டி மேல் புகார் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். ஆகவே சட்டம் உதவுவது மூன்று நான்கு பார்ட்டி உள்ளவருக்குத்தான். புதிதாக வெளியே வருபவரிடம் இருப்பதோ ஒரு பார்ட்டி.

அப்புறம் ரிஜெக்‌ஷன். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பம்ப் ஷாப்ட். பேரிங் உட்காரும் இடத்தில் சில மைக்ரான்தான் அளவில் இடம். இரவு ஷிப்டில் இன்சர்ட் முனை தேய்ந்திருக்கிறது. ஆபரேட்டர் பத்துப் பீஸுக்கு ஒருமுறை அளக்க வேண்டியவர், ஐம்பதுக்கு ஒருமுறை அளந்திருக்கிறார். 200 ஷாப்ட் அளவு தப்பிப் போய்விட்டது. ஒரு ஷாப்டுக்கு ஜாப் ரேட்டு 18 ரூபாய், ஆக 200-க்கு 3,600. மெட்டீரியல் பார்ட்டியுடையது, ஒன்றுக்கு 140 ரூபாய். அந்த நஷ்டத்தை நம் கணக்கில் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும்: 28,000. கூலியும் போய், கையிலிருந்தும் போகும். கம்பெனியில் இதே தப்பு நடந்தால் மெமோ, மானேஜர் முன்னால் நின்று திட்டு வாங்குவது, அதோடு முடிந்தது. சம்பளம் வாங்கும்போது எவ்வளவு பெரிய பாரத்தைக் கம்பெனி சுமக்கிறது என்பது இந்த ஒரு டெபிட் நோட்டில் தெரிந்துவிடும்.

மெஷின் இல்லாமல் வெளியே வருவது

நான் அதிகம் சிபாரிசு செய்யும் வழி இது. கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடும். "மெஷின் இல்லாம என்னங்கண்ணா சொந்தத் தொழில்?" என்பார்கள். போர்டு மாட்ட முடியாது, ஆயுத பூஜைக்கு மாலை போட ஒரு மெஷின் இருக்காது. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

இரண்டு மூன்று மெஷின் வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளில் ஆபரேட்டர் இருப்பார், பீஸை மாட்டிக் கழற்றுவார். புது டிராயிங் வந்தால் செட்டிங் செய்ய ஆள் இருக்காது. முதலாளி ஆர்டருக்கும் பேமெண்டுக்கும் அலைந்துகொண்டிருப்பார். புரோகிராம் எழுதி, சாஃப்ட் ஜா கடைந்து, டூல் ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸை ஓட்டி, போர் டயலில் அளந்து திருத்தி, ஆபரேட்டரிடம் ஒப்படைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை வரும்வரை மெஷின் அரை நாள் சும்மா நிற்கும். மணிக்கு 350 ரூபாய் மெஷின் நான்கு மணி நேரம் நின்றால் முதலாளிக்கு 1,400 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தவிர்க்க அவர் பணம் தரத் தயாராகவே இருக்கிறார்.

நான்கு பட்டறைகளோடு மாதம் 9,000 என்று பேசி வைத்தால் 36,000. வெளியே புரோகிராம் எழுதிக் கொடுப்பது, ஃபிக்ஸ்சர் வடிவமைத்துக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை அவசர செட்டிங் என்று இன்னொரு 8,000. பெட்ரோல், போன், அளவுக் கருவி, லேப்டாப் தேய்மானம் 5,000 கழித்தால் 39,000. தவணை கிடையாது. டெபிட் நோட் கிடையாது. முழுச் சம்பள மதிப்போடு ஒப்பிட்டால் மாதம் 6,500 குறைவு. சொந்த மெஷினில் இரண்டு ஷிப்ட் ஓட்டினாலும் 13,000 குறைவாக இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

இதற்கும் குறை உண்டு. காய்ச்சல் வந்து படுத்தால் அந்த வாரம் வருமானம் இல்லை. நான்கை ஐந்தாக, ஐந்தை ஆறாக்கலாம், அதற்கு மேல் உடம்பு தாங்காது. பட்டறைக்காரரின் பார்ட்டி அவருக்குத் தாமதமாகத் தந்தால் அவர் நமக்கும் தாமதமாகத் தருவார். சில முதலாளிகள் நம்மிடம் கற்றுக்கொண்டு தம் மகனையே செட்டிங்குக்கு நிறுத்திவிடுவார்கள். வருஷம் போகப் போக சொத்தாக எதுவும் சேராது என்பதும் உண்மை.

ஆனாலும் இந்த வழியில் கிடைப்பது ஒன்று மற்ற எதிலும் கிடைக்காது. நான்கு பட்டறைகளுக்குள் போய் வருபவருக்கு, எந்தக் கம்பெனி 30 நாளில் பணம் தருகிறது, எது 120 நாள் இழுக்கிறது, எது வருஷா வருஷம் ரேட்டைக் குறைக்கச் சொல்கிறது, எதன் இன்ஸ்பெக்‌ஷன் நியாயமானது என்பதெல்லாம் ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் பட்டறைகள் திணறுகின்றன என்பதும் தெரியும். மெஷின் வாங்கினால் எந்த மெஷின், எந்த வேலைக்கு என்பதை அப்போது அவரே சொல்வார். கம்பெனிக்குள் இருந்துகொண்டு இதைத் தெரிந்துகொள்ள முடியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரிவது டிராயிங்கும் டாலரன்ஸும் மட்டும்தான், பேமெண்ட் எப்படி நகர்கிறது என்பது அக்கவுண்ட்ஸ் அறைக்குள் நடப்பது.

அடுத்தவர் மெஷினை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டுவது இதற்கும் சொந்த மெஷினுக்கும் இடைப்பட்டது. இரவில் சும்மா நிற்கும் மெஷினை, மின்சாரத்தோடு சேர்த்து மணிக்கு 220 ரூபாய்க்குப் பேசலாம் என்று வைத்தால், 350 பில் போட்டு, இன்சர்ட், வண்டிச் செலவு 40 கழித்து, மணிக்கு 90 மிஞ்சும். 150 மணி நேரத்துக்கு 13,500. இதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. செட்டிங் வேலையோடு சேர்த்து, நமக்கென்று கிடைத்த முதல் பார்ட்டியைச் சோதித்துப் பார்க்க ஆறு மாதம் இப்படி ஓட்டலாம். டூல் மோதி ஸ்பிண்டில் அடிபட்டால் செலவு யாருடையது என்பதை மட்டும் முதல் நாளே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். நல்ல சிநேகிதர்கள் பேச்சில்லாமல் போனது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

வேலையில் இருந்துகொண்டே இரவில் இதைச் செய்யலாமா என்றும் கேட்பார்கள். நியமனக் கடிதத்தில் வெளி வேலை கூடாது என்று பெரும்பாலும் இருக்கும், படித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், பகல் முழுக்க நின்றவர் இரவும் சக்கு முன்னால் நின்றால் விரல் போகும். கம்பெனி டிராயிங்கையோ கம்பெனியின் பார்ட்டியையோ எடுத்துக்கொண்டு வெளியே வருவது தப்பு. இந்த ஊர்த் தொழில் வட்டம் சின்னது, அப்படி வந்தவர் பெயர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

மானியம் கிடைக்குமே?

கிடைக்கும். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு, 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். பொதுப் பிரிவா, பெண்ணா, பிற்படுத்தப்பட்டவரா, பட்டியலினத்தவரா, நகரமா கிராமமா என்பதைப் பொறுத்து அது மாறும். மாநில அரசின் திட்டங்களும் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் வயது வரம்பு முதல் எல்லாம் சொல்வார்கள். பிணை இல்லாத கடனுக்கு முத்ரா இருக்கிறது. எல்லாம் நல்லவைதான், தகுதி உள்ளவர் விடக் கூடாது. ஆனால் பிரதமர் திட்டத்தின் மானியம் மூன்று வருஷம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கும், அதுவரை தொழில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தொடங்கிவிட்ட தொழிலுக்கு அது கிடைக்காது, புதுத் தொழிலுக்குத்தான். மானியம் வருகிறதே என்று 12 லட்சம் போதுமான இடத்தில் 30 லட்சத்துக்குப் புது மெஷின் போட்டு, வேலை இல்லாமல் தவணைக்குத் தவிப்பவர்களின் கணக்குப் புத்தகங்கள் என் மேசையில் இருக்கின்றன. எந்த மெஷின் என்பதை வேலை முடிவு செய்யட்டும். மானியம் அதற்குப் பிறகு வரட்டும்.

சரி, யாருக்கு எது?

கையில் ஆறு மாதக் குடும்பச் செலவு இல்லை, வீட்டில் வேறு சம்பளமும் இல்லை என்றால் இந்த வருஷம் வேலையில் இருங்கள். அதைச் சேர்ப்பதுதான் முதல் வேலை. வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பள ஸ்லிப் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் வங்கிகள் இரண்டு மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

ஆறு மாதச் செலவு இருக்கிறது, செட்டிங், புரோகிராம் இரண்டும் கைவசம், வயது நாற்பதுக்குள் என்றால் மெஷின் இல்லாமல் வெளியே வாருங்கள். ஒரு வருஷம். சரிப்படவில்லை என்றால் வேறு கம்பெனியில் செட்டராகச் சேர்ந்துகொள்ளலாம், நல்ல செட்டருக்கு இந்த ஊரில் எப்போதும் இடம் உண்டு. 9 லட்சம் கடனோடு திரும்பிப் போவது அப்படி எளிதில்லை.

நேராக மெஷின் போடலாம் என்று நான் சொல்வது சிலரிடம்தான். குறைந்தது இரண்டு பார்ட்டி உறுதியாக இருக்க வேண்டும், அதில் ஒன்று பழைய கம்பெனியாக இருக்கக் கூடாது. பழைய கம்பெனி மட்டும் என்றால், நாம் எவ்வளவு சம்பளம் வாங்கினோம் என்று அவர்களுக்குத் தெரியும், அதற்கு மேல் மிஞ்சாத மாதிரி ரேட்டு பேசுவார்கள். மூன்று மாதச் செலவுப் பணம் தனியாக இருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாரும் கடையும் சாதாரண புஷ்ஷுக்கு ரேட்டுப் போட்டி கடுமை. கஷ்டமான மெல்லிய சுவர் பீஸோ, அடிக்கடி செட்டிங் மாறும் சிறு எண்ணிக்கை வேலையோ கையில் இருந்தால் மணிக்கு 350-ஐ 450 என்று கேட்க முடியும். 350 மணி நேரத்தில் அந்த 100 ரூபாய் மாதம் 35,000. மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழாக மாறுவது அங்கேதான்.

எந்த வழியானாலும் பிஎஃப் பணத்தை மெஷினில் போடாதீர்கள். 2024-25-க்கு அதற்கு 8.25 சதவீத வட்டி தந்தார்கள், பார்ட்டி ஏமாற்றினாலும் அது அங்கேயே இருக்கும். பத்து வருஷம் சர்வீஸ் முடிந்திருப்பதால் பென்ஷன் உரிமையும் உண்டு. அதற்கு, செய்த சர்வீஸைப் பதிந்து தரும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், பிறகு வேறு வேலைக்குப் போனாலும் சர்வீஸ் தொடரும்.

விலகும்போது நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்துக் கொடுங்கள். நம்மிடம் வேலை கற்ற பையனுக்குச் செட்டிங் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தால், அதே மானேஜர் ஆறு மாதம் கழித்து ஓவர்லோடு வேலையைத் தூக்கிக் கொடுப்பார். பிஎஃப் கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கிராஜுவிட்டிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 12 வருஷத்துக்கு இவருக்கு 1,52,307 ரூபாய், 30 நாளுக்குள் கம்பெனி தர வேண்டும். குடும்பத்துக்கான மெடிக்ளெய்மை மட்டும் ராஜினாமாவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை போகலாம், கம்பெனி பாலிசி இருக்கும்போதே அது ஓடத் தொடங்கட்டும்.